பாடு தெரிந்த பிள்ளைக்கு கோடிங் புதுசா? பழவேற்காட்டிலிருந்து தொடங்கலாம்

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனை வாகனம் ஏவத் தயாராக நிற்கிறது. கவுன்ட்டவுன் ஓடுகிறது. இன்னும் 5 நொடிதான். திடீரென்று எல்லாம் நின்றுபோகிறது.

நிறுத்தியது கம்ப்யூட்டர். இன்ஜின் பற்றவைப்பு எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று தெரிந்ததும், யாரும் பொத்தானை அழுத்தும் முன்பே அது ஏவுதலை நிறுத்திவிட்டது. என்ன கோளாறு என்று பார்த்துச் சரிசெய்த பிறகு, காலை 10 மணிக்கு ராக்கெட் கிளம்பியது.

கம்ப்யூட்டர் தானாக யோசித்து இதைச் செய்யவில்லை. ‘இது சரியாக இல்லை என்றால், நிறுத்து’ என்று யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். கோடிங்கின் உயிர்நாடி இந்த ஒரு வரிதான்.

ஸ்ரீஹரிகோட்டா தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவில் விரிந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் தென்கரையில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் மீனவக் குப்பங்களுக்கு ராக்கெட் ஒன்றும் அதிசயமில்லை. ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீங்க என்று அறிவிப்பு வரும். கரையில் நின்றால் புகை கக்கிக்கொண்டு மேலே போவது தெரியும். சின்னப் பிள்ளைங்க கைதட்டுவாங்க.

ஆனா, அந்த ராக்கெட்டை நிறுத்திய ஒரு வரியை எழுத இந்தப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லித் தரப்போகிறோம்? எப்படி?

விளம்பரம் சொன்ன கோடிங்

‘பிள்ளைக்கு கோடிங் கத்துக் கொடுக்கணும்’ என்ற பேச்சு தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது 2020-இல். ஊரடங்கு நேரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒயிட்ஹாட் ஜூனியர் விளம்பரம். 6 வயதிலேயே தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயத்தையும், கோடிங் கற்ற சிறுவனுக்கு கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் என்ற ஆசையையும் ஒன்றாகக் கலந்து விற்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பைஜூஸ் நிறுவனம் 30 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது.

கூகுளில் வேலை வாங்கியதாகச் சொல்லப்பட்ட அந்தச் சிறுவன் கற்பனைப் பாத்திரம் என்பது பிறகு தெரியவந்தது. புகார்கள் குவிந்ததும், விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் தலையிட, 5 விளம்பரங்களைத் திரும்பப் பெற அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2024 ஜூலையில் பைஜூஸ் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போனது.

கம்பெனி போய்விட்டது. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் ஒருவர், ஊரில் இருக்கும் அக்கா மகனுக்கு ஏதாவது செய்யணும் என்று நினைத்தால், முதலில் தேடுவது ஆன்லைன் கோர்ஸைத்தான். அங்கேதான் தவறு தொடங்குகிறது. 10, 11 வயதுப் பிள்ளைக்கு கோடிங்கில் முதலில் தேவைப்படுவது அதற்குத் தெரிந்த ஒரு சிக்கல். அதைத் தீர்த்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம். கோர்ஸ் எல்லாம் அப்புறம்.

பழவேற்காட்டுப் பிள்ளையிடம் அப்படி ஒரு சிக்கல் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் பாடு.

பாடு என்றால் என்ன?

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துப் பக்கம் நன்றாகக் கிடைக்கும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் சுத்து வலை போடும் இடங்களை ஊரே கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்து, முறை வைத்து மாற்றிக்கொள்ளும் பழக்கம் பல தலைமுறைகளாக இங்கே இருக்கிறது. இன்று யாருக்கு எந்த இடம், நாளை யாருக்கு என்பதற்கெல்லாம் விதி உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து படித்துவிட்டுப் போன முறை இது.

கம்ப்யூட்டர் கண்ணால் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது? ஒரு பெயர்ப் பட்டியல். சில இடங்கள். ஒரு முறை. ‘இப்படி நடந்தால் அப்படிச் செய்’ என்ற நிபந்தனைகள். திரும்பத் திரும்ப ஓடும் சுற்று. கோடிங் வகுப்பின் முதல் மாதத்தில் சொல்லித் தருவது இவ்வளவுதான்.

பேப்பரும் பேனாவும் போதும்

ஒரு சின்ன விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். நிஜமான பாடு இதைவிடச் சிக்கலானது. பிள்ளைக்காக இதைச் சுருக்கிக்கொள்வோம்.

6 வலைக்காரர்கள்: அ, ஆ, இ, ஈ, உ, ஊ. வலை கட்ட 3 இடங்கள். 1-ஆம் இடத்தில் இறால் அதிகம், 3-ஆம் இடத்தில் குறைவு. ‘எல்லோருக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடு’ என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான்: முதல் நாள் அ, ஆ, இ. இரண்டாம் நாள் ஈ, உ, ஊ. மூன்றாம் நாள் மறுபடி அ, ஆ, இ. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனா, ஒரு வாரத்துக்கு எழுதிப் பார்த்தால் விஷயம் வெளியே வரும். அ போகும் நாளெல்லாம் 1-ஆம் இடம். இ-க்கு எப்போதும் 3-ஆம் இடம்தான். இ சும்மா இருப்பாரா?

கோடிங் செய்பவர்கள் ‘பக்’ என்று சொல்வது இதைத்தான். சொன்னபடி எல்லாம் நடந்தது, ஆனா நினைத்தது நடக்கவில்லை.

இப்போது விதியை மாற்றலாம். தினமும் பட்டியலில் முதல் பெயரை எடுத்துக் கடைசியில் போடு. முதல் நாள் அ, ஆ, இ. அடுத்த நாள் ஆ, இ, ஈ. அதற்கடுத்து இ, ஈ, உ. பிறகு ஈ, உ, ஊ. ஐந்தாம் நாள் உ, ஊ, அ. ஆறாம் நாள் ஊ, அ, ஆ. எண்ணிப் பாருங்கள். 6 நாளில் ஒவ்வொருவருக்கும் மூன்று இடமும் சரியாக ஒருமுறை கிடைத்துவிட்டது.

பிரச்சினை தீர்ந்ததா? பிள்ளை கூர்மையாகப் பார்த்தால் இன்னொன்று தெரியும். முதல் விதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருமானம். புது விதியில் அ-வுக்கு இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள் வேலையே இல்லை. தொடர்ந்து 3 நாள் உலை எப்படிக் கொதிக்கும்? எந்த விதி நல்லது? இதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. பட்டியலில் யாருடைய பெயர் இல்லை? நிஜ ஏரியில் பாடு உரிமை எல்லோருக்கும் கிடையாது. குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட குடும்பங்களின் ஆண்களுக்கே அது உண்டு. பெண்களுக்கும், ஏரியை நம்பி வாழும் மற்ற சமூகத்தவருக்கும் அதில் இடமில்லை. இதனால் ஏற்பட்ட தகராறுகளும் ஏரிக்குப் புதிதல்ல. விதி எழுதும்போது விட்டுப்போன பெயரை, அந்த விதியை ஓட்டும் கம்ப்யூட்டர் ஒருநாளும் தேடாது. 11 வயதில் இதைப் புரிந்துகொள்ளும் பிள்ளை, வளர்ந்து வங்கிக்கோ அரசுத் திட்டத்துக்கோ சாஃப்ட்வேர் எழுதும்போது நினைவில் வைத்திருக்கும்.

பேப்பரிலிருந்து திரைக்கு

அடுத்த படி ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. டைப் அடிக்க வேண்டாம். கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடு ஒன்று பொருத்தினால் திரையில் இருக்கும் பூனை நடக்கும், பேசும். பூனைக்குப் பதில் படகு படம் வரைந்து போட்டால் படகு நடக்கும். பேப்பரில் போட்ட பாடு பட்டியலை அப்படியே இதில் செய்துவிடலாம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். ஏரிக்கரையில் இது முக்கியம்.

கம்ப்யூட்டரே இல்லாத வீடு? போனில் ஓடும் பாக்கெட் கோட் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இதுவும் கட்டை வகைதான், இலவசம்தான். ஆனா, குப்பத்து வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் என்றால், அது விடியற்காலையில் அப்பாவோடு படகில் ஏறிவிடும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் அது மகன் கைக்குப் போகிறதா, மகள் கைக்குப் போகிறதா? இதையும் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை, அரைமணி நேரம் மகளுக்கு என்று அங்கேயும் ஒரு முறை வைக்கலாம்.

ஆங்கிலம்தான் தடை என்றால் எழில் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய, தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல் மொழி. ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டும். நிபந்தனைக்கு ‘ஆனால்’, ‘இல்லை’. இதை வைத்து வேலை கிடைக்காது, உண்மைதான். ஆனா, யோசிப்பது தமிழில் நடக்கும் என்ற தைரியம் கிடைக்கும். அதன் பிறகு பைத்தானுக்குப் போகும்போது சொல் மட்டும்தான் புதுசாக இருக்கும். பைத்தான் கற்கத் தமிழில் இலவச மின்நூல்கள் கணியம் தளத்தில் கிடைக்கின்றன.

பள்ளிக்கூடம் என்ன செய்யணும்?

சிபிஎஸ்இ 2021-இலேயே 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கோடிங் பாடத்தை அறிமுகம் செய்துவிட்டது. 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூலில் ஸ்க்ராட்ச் எங்கே இருக்கிறது தெரியுமா? 10-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகில். பொதுத்தேர்வு நெருக்கடியில், கடைசிப் பாடம், அதுவும் மனப்பாடம். விளையாடிப் பார்க்க வேண்டிய ஒன்றை ‘வரையறு, விளக்குக’ கேள்வியாக மாற்றினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

6-ஆம் வகுப்பிலிருந்தே கோடிங் என்ற திசையில் மாநில அரசும் நகரத் தொடங்கியிருக்கிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் அரசுப் பள்ளிகளுக்கு வந்துள்ளன. நல்ல விஷயம். ஆனா, ஆய்வகம் இருப்பது வேறு, அதன் கதவு பிள்ளைக்குத் திறந்திருப்பது வேறு. ஆன்லைன் தேர்வும் தகவல் பதிவேற்றமும் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரம்தான் மாணவருக்கு என்றால், அந்த மெஷின்களால் என்ன பயன்? பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம், 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மதிப்பெண் இல்லாமல் ஆய்வகம் திறக்க வேண்டும். மீனவ ஊர்களின் பள்ளிகளில் முதலில் திறக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இல்லை.

‘ஏஐயே கோட் எழுதுதே, இனி எதுக்கு?’

நியாயமான கேள்வி. இன்று ஏஐயிடம் கேட்டால் பாடு சுழற்சிக்கு ஒரு நிமிடத்தில் கோட் எழுதிக் கொடுத்துவிடும். ஆனா, அது எந்த விதிப்படி எழுதணும்? 3 நாள் வருமானம் இல்லாமல் போவது பரவாயில்லையா? யார் பெயர் விட்டுப்போச்சு? இதைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் ஏஐ வேலை செய்யும். கேட்கத் தெரியாதவர் அது கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். 11 வயதில் பழகவேண்டியது இந்தக் கேட்கும் பழக்கம்.

கோடிங் படித்தால் பிள்ளை ஏரியை விட்டுப் போய்விடலாம் என்பதும் பெற்றோரின் நியாயமான ஆசை. முகத்துவாரம் தூர்ந்து, வலைக்கு வரும் மீன் குறையும் காலத்தில் அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. போகட்டும். ஆனா, ஏரியிலிருந்து கற்றதை எடுத்துக்கொண்டு போகட்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி, அலை எவ்வளவு உயரம், மீன் எங்கே கிடைக்கலாம் என்று மீனவரின் போனுக்கே சொல்கிறது. அடுத்து வரும் அப்படி ஒரு செயலியை, எந்த மாதத்தில் முகத்துவாரத்தில் படகு தட்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்?

அதனால், ஊரில் இருக்கும் அண்ணன் மகளுக்கு கோர்ஸ் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். வீட்டில் தூங்கும் பழைய லேப்டாப்பில் ஸ்க்ராட்ச் நிறுவி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரலாம். 6 பெயர், 3 இடம். ‘நியாயமா பிரிச்சுக் கொடு பார்ப்போம்’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்தால் போதும்.