பார்ஸ்னிப்புக்கு விலை இறங்காத ஊர்

எனக்கு நான்கு பிள்ளைகள். இரண்டு பேர் நாவுலவில் என்னோடு இருக்கிறார்கள். மூத்தவன் தரம் 8, இளையவள் தரம் 5, இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மற்ற இரண்டும் என் ஃபோனுக்குள், ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டில் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் காய்ச்சல் வராது. கொப்பிக்கு உறை போட வேண்டாம், சீருடை அழுத்த வேண்டாம். தவழும், பிறகு தத்தித் தத்தி நடக்கும், அதோடு வளர்த்தி நின்றுவிடும். எத்தனை வருடம் ஆடினாலும் பள்ளிக்கூடம் போகிற வயது வரவே வராது. பிள்ளைகளே வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் விளையாட்டில் வழி வைத்திருக்கிறார்கள். சூனியக்காரியின் குடிசைக்குப் போய் அபூர்வமான வானவில் நிறக் கல் ஒன்றைக் காணிக்கை வைத்தால் இரண்டும் புறாக்களாகிப் பறந்துவிடும். இதை மகளிடம் சொன்னேன். அவள் அண்ணனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கல்லு எங்கம்மா கிடைக்கும்?"

நியமனக் கடிதத்தில் நான் முகாமைத்துவ உதவியாளர். ஊர் வாயில் கிளார்க். அலுவலகம் மாத்தளையில். ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது நாவுல. அதனால் எங்கள் வீட்டில் காலையில் ஆளுக்கொரு திசை. வீட்டுக்காரர் வடக்கே தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு விடியுமுன்பே போய்விடுவார். அங்கே ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் தெற்கே. மாலையில் திரும்பும்போது கண்டியிலிருந்து வருகிற பஸ் எல்லாம் நிறைந்தே வரும். பலாபத்வல தாண்டினால் உட்கார இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வீட்டுக்கு வந்தால் தேங்காய் துருவுவதில் தொடங்கி அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டி கழுவி வைக்கிறது வரைக்கும் இருக்கிற வேலையை இந்தப் பத்தியைப் படிக்கிற பெண்களுக்கு நான் பட்டியல் போட்டுக் காட்டத் தேவையில்லை. எல்லாம் அடங்க ஒன்பதரை, பத்து ஆகும். எனக்கென்று மிஞ்சுவது அதற்குப் பிறகுதான்.

இந்த விளையாட்டு கைக்கு வந்தது 2022இல். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலம். கொழும்பில் இருக்கிற தம்பி தன் கார்டில் வாங்கி என் ஃபோனில் ஏற்றித் தந்தான். ஒரு தடவை காசு கட்டினால் போதும். விளம்பரம் இல்லை, டேட்டா தேவையில்லை, ரீலோட் போடச் சொல்லிக் கழுத்தை நெரிக்காது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை என்பது மட்டும்தான் குறை. கதை இவ்வளவுதான்: ஒரு பெரிய கம்பனியின் அலுவலகத்தில் மேசையோடு மேசையாக உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளுக்குத் தாத்தாவின் பழைய தோட்டம் கிடைக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போகிறார். காட்டை வெட்டுகிறார், விதை போடுகிறார், கோழி வளர்க்கிறார். கிளார்க்குக்குப் பிடிக்காமல் போகுமா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துக்காரர் எரிக் பரோன் நான்கு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து இதைச் செய்தார். படம், இசை, நிரல் எல்லாம் அவரே. செலவுக்கு ஒரு தியேட்டரில் ஆட்களை இருக்கைக்குக் கூட்டிப்போகிற பகுதிநேர வேலையும் பார்த்தார். 2016 பெப்ரவரியில் வெளியான இது இன்றைக்கு 3 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அவருக்கு முன்மாதிரி 1996இல் ஜப்பானில் வந்த ஹார்வெஸ்ட் மூன். அதைச் செய்த யசுஹிரோ வாடா மியாசாகி பக்கத்து நாட்டுப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர். விட்டுவந்த ஊரை நினைத்துச் செய்தார். ஊரை விடாதவள் நான். என் ஜன்னலுக்கு வெளியே உண்மையான மிளகுக் கொடியும் தென்னையும் நிற்கின்றன. பிறகு ஏன் ஃபோனுக்குள் விவசாயம் என்று கேட்டால், இந்தத் தென்னையை ஒரு நாள் வந்து பாருங்கள்.

விளையாட்டில் பயிரைக் காகம் தின்னும். அதற்கு ஒரு வெருளி நட்டால் போதும், சுற்றிலும் எட்டுக் கட்டத் தூரத்துக்கு ஒரு காகம் கிட்ட வராது. இங்கே குரங்கு. குரும்பையைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறியும், மற்றதைப் பிடுங்கும். வெருளி வைத்தால் அதன் சட்டையைக் கழற்றிக்கொண்டு போகும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை அவரவர் தோட்டத்தில் இருக்கிற குரங்கு, மந்தி, மயில், மலையணில் எல்லாவற்றையும் எண்ணித் தரச் சொல்லி அரசாங்கம் நாடு முழுவதும் கணக்கெடுப்பு நடத்தியது. மாமி பேனையும் படிவமுமாக முற்றத்தில் நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட வரவில்லை. படிவத்தை மடித்து உள்ளே வைத்த பிறகு கூட்டமாக வந்தன.

வீட்டுக்காரருக்கு நம்ப முடியாத விஷயம் வேறு. விளையாட்டில் முதலில் போடுகிற பயிர் பார்ஸ்னிப், முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு. விதை 20 காசு, நான்கு நாளில் விளையும், விற்றால் 35 காசு. ஒன்று கொண்டுபோனாலும் 35, ஆயிரம் கொண்டுபோனாலும் கிழங்குக்கு 35. தம்புள்ளையில் காலையில் ஒரு விலை. லொறி கூடக் கூட வேறு விலை. போஞ்சி மூட்டையோடு விடிய வந்தவன் மத்தியானத்தில் ஏற்றுகூலிக்காவது தேறுமா என்று நிற்பதை அவர் தினமும் பார்க்கிறார். என் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைக்காரன் ஒரு கிழமை எங்ககிட்ட வந்து நிக்கட்டும்" என்றார். விலை இறங்காத ஊர் என்பது அவருக்கு அந்தப் புறாக்கதையைவிடப் பெரிய மாயம். எனக்கும் பிடித்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் முளைக்கிறது, முளைத்தால் விற்கிறது. செய்த வேலைக்குச் சொன்ன கூலி.

மாமிக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. அவர் இரவில் சீரியல் பார்ப்பார், அவருடைய மகன், அதாவது என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கரம் அடிப்பார், அதெல்லாம் ஓய்வு. நான் தையல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பெண்ணின் பொழுதுபோக்கு என்றால் முடிவில் ஏதாவது மிஞ்ச வேண்டும், ஒரு மேசை விரிப்பு, ஒரு போத்தல் அச்சாறு. வெறுமனே ஆடிவிட்டு எழும்புகிற உரிமை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் எழுதிக்கொடுத்த சொத்து போலிருக்கிறது. மாமி மாறியது என் வாதத்தால் அல்ல, கோழிகளால். "இன்னிக்குத் தீன் போட்டியா?" என்று இப்போது அவரே கேட்கிறார்.

விளையாடுகிற தாயாக இருப்பதில் நான் கண்ட பயன் மகன் விஷயத்தில்தான். அவன் ஆடுவது ஃப்ரீ ஃபயர். இங்கே பையன்கள் எல்லாம் அதுதான், இல்லாவிட்டால் பப்ஜி. சாப்பிடக் கூப்பிட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "ஒரு மேச்தான் அம்மா, முடிஞ்சதும் வாறேன்." எல்லா வீட்டிலும் ஒரே சண்டையும். என் விளையாட்டில் ஒரு நாள் என்பது காலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை, நம்முடைய கணக்கில் 14 நிமிடம்தான். நடுவில் சோறு பொங்கினால் ஃபோனைக் கவிழ்த்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது மாடு அதே இடத்தில் நிற்கும். மகனுக்கு அந்த வசதி இல்லை. ஃப்ரீ ஃபயரில் 50 பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், பப்ஜியில் 100 பேர். நிறுத்தி வைக்கிற பொத்தானே கிடையாது. நான்கு பேர் கூட்டாக ஆடும்போது இவன் எழும்பி வந்தால் மற்ற மூன்று பேரும் நடுக்காட்டில் நிற்பார்கள். அந்த மூன்று பேரும் யார்? வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். நாம் பிடிவாதம் என்று திட்டுவதில் பாதி, அவன் தன் சிநேகிதர்களுக்குக் காட்டுகிற மரியாதை. கரம் பலகையில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அடுத்த காய்க்குக் குறிபார்க்கிற நேரத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள், அவர் வருவாரா என்று.

அதற்காக அந்த விளையாட்டை நான் நல்லது என்று சொல்ல வரவில்லை. நிறுத்த முடியாதபடி செய்திருப்பது தற்செயல் இல்லை. முடிந்த கையோடு அடுத்ததற்கு இழுக்கிற மாதிரித்தான் கட்டியிருக்கிறார்கள், உடுப்பு வாங்கச் சொல்லிக் காசும் கேட்கும். இந்தியா பப்ஜியை 2020இலும் ஃப்ரீ ஃபயரை 2022இலும் தடை செய்தது, பிள்ளைகளுக்காக அல்ல, பாதுகாப்புக் காரணம் சொல்லி. சீனா 2021இல் மணிக்கூட்டைப் பிடித்தது: 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் வைத்திருக்கிற அளவு கடுமையானது. தன்னைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வந்தும் விடாமை, அதுவும் வழக்கமாக ஒரு வருடமாவது. சோறு ஆறுவதெல்லாம் அதில் சேராது.

மணிக்கூட்டை வைத்துச் சண்டை போடுவதைத்தான் நாங்கள் விட்டோம். "எட்டு மணிக்கு ஃபோன் என் கையில்" என்றால் எட்டு மணிக்கு அவன் எப்போதும் நடு மேச்சில்தான் இருப்பான். இப்போது சட்டம் வேறு: எட்டுக்குப் பிறகு புது மேச் தொடங்கக்கூடாது, தொடங்கியதை முடிக்கலாம். ஃப்ரீ ஃபயர் மேச் பத்து நிமிடத்துச் சங்கதி, பப்ஜி அரை மணி நேரம் இழுக்கும். அதனால் ஏழரைக்குப் பிறகு பப்ஜி இல்லை. இந்தக் கணக்கெல்லாம் ஆடிப் பார்க்காதவருக்குப் புரியாது. வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் நான் இளகிப்போனவள்தான்.

மகன் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. பத்தரைக்குப் பிறகு நானும் தோட்டத்தில் புது நாள் தொடங்கக்கூடாது. "நீங்க விடிய அஞ்சு மணிக்கு எழும்பணும், பஸ்ஸில நின்னுக்கிட்டே தூங்குறீங்க" என்றான். அவன் அதை எப்போது பார்த்தான் என்று தெரியவில்லை. மறுத்துப் பேச வாயில்லை. காவல் வேலை மகளுக்கு. புலமைப்பரிசில் முடியும்வரை அவளுக்கு ஃபோன் கிடையாது. அதனாலேயோ என்னவோ, எட்டு மணிக்கு அண்ணன் பின்னாலும் பத்தரைக்கு என் தலைமாட்டிலும் வந்து நிற்பதில் அவளுக்கு அப்படி ஒரு உற்சாகம்.