பேச்சிழந்தவரின் கடவுச்சொல்

பக்கவாதத்தால் பேச்சிழந்து ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கையில், காப்பீட்டு ஆவணமும் அவரது பனியன் நிறுவனத் தொழிலாளரின் வாரச் சம்பளமும் அவர் நினைவுக்குள் பூட்டப்பட்டுவிடுகின்றன. இதற்கஞ்சிச் சிலர் கடவுச்சொற்களை மருத்துவக் கோப்பின் அட்டையிலேயே எழுதிவிடுகின்றனர். ஆய்வகம், மருந்தகம் எனப் பல கைகள் மாறும் கோப்பு அது! கணினியில் நோட்பேடில் எழுதி வைப்பதும் ஏறத்தாழ அப்படியே. திறப்பவர் எவரும் படிக்கலாம். அப்பட்டியலை வேர்டு ஆவணமாக்கி, மறையாக்கக் கடவுச்சொல்லிட்டுச் சேமிப்பதே தக்கது என்பது என் கருத்து.

ஆனால் அப்பூட்டு, திறவுகோல் இல்லாத உரிமையாளருக்கும் திறக்காது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கோப்புகளை ஊடுருவியோர் இவ்வாறே மறையாக்கிப் பூட்டியபோது, அங்குப் பல நாள்கள் பணிகள் கையெழுத்திலேயே நடந்தன. ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வாழ்க்கைத் துணையிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். உறை வீட்டிலேயே இருக்கட்டும்.