மணக்கோலத்தில் குருதி

‘ஓக்லஹோமா’ என்னும் இசைநாடகம் 1943-இல் நியூயார்க் நகரில் அரங்கேறி, 2,212 முறை தொடர்ந்து நடைபெற்றது. மாடு மேய்க்கும் கர்லி, பண்ணைப்பெண் லாரி, அவளை விரும்பும் கூலியாள் ஜட் ஆகிய மூவரின் கதை இது. மணவிழாவில் கத்தியுடன் பாய்ந்த ஜட், கைகலப்பில் தன் கத்தியின்மீதே விழுந்து மடிகிறான். அங்கேயே அவசரமாக நடந்த விசாரணை மணமகனை விடுவிக்க, மணமக்கள் மகிழ்ச்சியோடு புறப்படுகின்றனர்.

2019-இல் இயக்குநர் டேனியல் ஃபிஷ் அதே நகரில் இதனைப் புதுப்பித்து அரங்கேற்றினார். உரையாடல் பெரும்பாலும் பழையதே. ஆனால் இங்கே ஜட் மணப்பரிசாகத் துப்பாக்கியை நீட்டுகிறான். கர்லி அவனைச் சுடுகிறான். மணக்கோலத்தில் நிற்கும் இருவர்மீதும் குருதி தெறிக்கிறது. (அதன் பின்னும் அதே தீர்ப்பு, அதே பாட்டு!) பார்த்தோருள் பலர் வியந்து போற்றினர், டோனி விருதும் கிடைத்தது. சிலரோ, இளமையில் கண்டு மகிழ்ந்த நாடகத்தைக் கெடுத்துவிட்டனரே எனச் சினந்தனர். இடையில் எழுந்து சென்றோரும் உண்டு.

அவர்களை நாம் பழிக்கமாட்டோம். சிறுவருக்கு இவ்வமைப்பு ஏற்றதன்று என்பதே நம் கருத்தும். ஆயினும் முற்பகுதியில் வரும் ஒரு காட்சி நம்மை உறுத்துகிறது. தனித்து வாழும் ஜட்டின் குடிலுக்குச் சென்று, நீ தூக்கிட்டுக்கொண்டால் ஊரே உனக்காக அழுமே என்று கர்லி ஆசைகாட்டிப் பாடுகிறான். நெடுங்காலம் இது நகைச்சுவையாகவே நடிக்கப்பட்டது. ஃபிஷ் அரங்கை இருளாக்கி, ஜட்டின் முகத்தைப் பெரிதாகத் திரையில் காட்டினார். ஓர் அன்புச் சொல்லுக்கு ஏங்கும் முகம் அது. குருதியைக் கண்டு வெளியேறியோர் உண்டு. இந்தப் பாட்டுக்கு முகஞ்சுளித்து எழுந்தவர், அந்த 2,212 காட்சிகளில் எவரேனும் இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.