ராஜினாமா எழுதி வாங்கத்தானா எம்.பி.ஏ.?

நீளமான பதிவு. கல்லூரிச் சேர்க்கை நேரம் என்பதால் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எம்.பி.ஏ. எச்.ஆர். படிக்கிற, படிக்கப்போகிற பிள்ளை இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். எம்.பி.ஏ. மனிதவள மேலாண்மையில் முதல் வகுப்பு. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சார், இன்னிக்கு பதினாலு பேர்கிட்ட ராஜினாமா எழுதி வாங்கினேன்" என்றாள்.

கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டதாம். ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. அதில் ஒருவர் பதினொரு வருடம் அங்கே உழைத்தவர். "எங்கப்பா வயசு சார். என்னைப் போய் மேடம்னு கூப்பிட்டு, 'எனக்குக் கணக்கு எவ்வளவு வரும் மேடம்?'னு கேட்டார். எனக்குத் தெரியல சார். அக்கவுண்ட்ஸ்ல கேளுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். எனக்கும் அந்தக் கணக்கு தெரியாது. சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவருமாக உட்கார்ந்து படித்தோம்.

அவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய். 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி, கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். 7,500 பெருக்கல் 11. வருவது 82,500 ரூபாய். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

இந்தப் பணம் ராஜினாமா செய்தாலும் கிடைக்கும். ஆனால் ஆர்டர் இல்லை என்று கம்பெனியே ஆளை அனுப்பினால் அதற்குப் பெயர் ராஜினாமா இல்லை, ஆட்குறைப்பு. அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 84,500 ரூபாய் வருகிறது. "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்ற ஒற்றை வரியில் அந்த மனிதர் அதை இழந்தார். அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கியது என் மாணவி.

அவள் கெட்ட பெண் இல்லை. விஷயம் புரிந்ததும் அழுதாள். அடுத்த வாரமே அவரைத் தேடிப்போய், தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள் என்று சொன்னாள். அவர், "வேண்டாம்மா, என் பையனும் அதே ஏரியாவுலதான் வேலை பார்க்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது மேடம் என்று கூப்பிடவில்லை, அம்மா என்றார் என்று என்னிடம் சொன்னாள்.

என் கோபம் அவள் படித்த படிப்பின் மேல். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், கல்விக்கடன். எல்லாம் முடிந்து வெளியே வந்தவளுக்கு ராஜினாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததால்தான் அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இதை ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் சொன்னபோது, "சார், தொழிலாளர் சட்டம் ஒரு பேப்பராக இருக்கிறதே" என்றார். இருக்கிறது. ஐந்து யூனிட். சட்டத்தின் பெயர், வருடம், நோக்கம், முக்கியப் பிரிவுகள். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடலாம். ஒரு சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து, பி.எஃப். பிடித்தது சரியா, இ.எஸ்.ஐ. பிடித்தது சரியா என்று கேட்கிற தேர்வு எத்தனை கல்லூரியில் நடக்கிறது? பி.எஃப். 12 சதவீதம். இ.எஸ்.ஐ. தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25. காய்ச்சலில் படுத்தவருக்கு இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதை எச்.ஆர். சொல்லாவிட்டால் அந்தத் தொழிலாளிக்கு வேறு யார் சொல்வார்கள்?

அடுத்து ப்ராஜெக்ட். பணியாளர் மனநிறைவு பற்றிய ஓர் ஆய்வு. நூற்றிருபது பேரிடம் கேள்வித்தாள், சதவீத அட்டவணை, வட்ட விளக்கப்படம், கடைசியில் "பெரும்பாலானோர் மனநிறைவுடன் உள்ளனர்". என் மாணவி செய்ததும் இதுதான். நூற்றிருபது பேரில் எத்தனை பேரிடம் நேரில் பேசினாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கேள்வித்தாளை நிரப்பியது ஹாஸ்டல் தோழிகள். பைண்டிங் கடையிலேயே முழு ப்ராஜெக்ட்டும் செய்து தருகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

இங்கே சிலர் கேட்கலாம். இடைநிலை ஆசிரியர், ஆசிரியர் பயிற்சி மட்டுமே முடித்தவர், உங்களுக்கு எம்.பி.ஏ. பற்றி என்ன தெரியும் என்று. நியாயமான கேள்வி. நான் பல்கலைக்கழகத்தில் படித்தவன் இல்லை. ஆனால் எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போய், உண்மையான பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் நிற்க வேண்டும். பின் பெஞ்சில் ஆசிரியர் உட்கார்ந்து குறை எழுதுவார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் ஒருவனும் சான்றிதழ் வாங்க முடியாது. மனிதரை நிர்வகிக்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பில் மனிதர் முகம் பார்க்க வேண்டாமா? சமூகப்பணி முதுகலையில், அதாவது எம்.எஸ்.டபிள்யூ.வில், களப்பணி பாடத்தோடு சேர்ந்தே வருகிறது. எம்.பி.ஏ.வுக்கு மட்டும் என்ன தயக்கம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலை எப்படிப் பிறந்தது என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா? அந்தக் காலத்து மில்களில் ஆள் எடுப்பது, நீக்குவது எல்லாம் மேஸ்திரி கையில். அவருக்குக் காசு கொடுத்தால்தான் வேலை. விட்லி தலைமையிலான ராயல் தொழிலாளர் கமிஷன் 1931இல் கொடுத்த அறிக்கையில், இந்த மேஸ்திரி ஆதிக்கத்தை ஒழிக்க ஆலைகளில் தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்கச் சொன்னது. பிறகு 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. இன்றைய எச்.ஆர். நாற்காலிக்கு நம் நாட்டில் பாட்டன் அந்த நாற்காலிதான். மேஸ்திரியிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்றப் போட்ட நாற்காலி. இன்று அதில் உட்கார்ந்துகொண்டு கான்ட்ராக்ட் ஏஜென்சிகளிடம் ஆள் எடுக்கிறார்கள். மேஸ்திரி சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த சோதனை எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிறது. தெரியட்டும், நல்லது. ஆனால் 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், வாடியாவும், திரு.வி.க.வும் தெரியவில்லை. 2024இல் திருப்பெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி நடந்த போராட்டம். அந்த நாட்களில் உங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினார்களா என்று இரண்டாம் வருட மாணவன் ஒருவனிடம் கேட்டேன். "இல்ல சார், அப்ப மாஸ்லோ முக்கோணம் போயிட்டிருந்துச்சு" என்றான்.

எச்.ஆர். கம்பெனியின் சம்பளக்காரர், தொழிலாளிக்கு வக்கீல் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். வக்கீலாக இருக்கச் சொல்லவில்லை. சட்டப்படி சேர வேண்டியதைச் சரியாகக் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்கிறேன். அது கம்பெனிக்கும் நல்லதுதான். வழக்கு வந்து நிற்கும்போது, தெரியாமல் கையெழுத்து வாங்கிய பெண்ணைத்தான் முதலில் முன்னே தள்ளுவார்கள்.

இப்போது நிலைமை இன்னும் அவசரம். 29 மத்தியச் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆட்குறைப்புக்கு அதே 15 நாள் கணக்கு தொடர்கிறது. ஆனால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படும் தொழிலாளிக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. நல அலுவலர் 250 பேர் இருந்தாலே வேண்டும். பழைய நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு இதில் எது தெரியும்?

என் கோரிக்கை மூன்று.

1. தொழிலாளர் சட்டமும் சம்பளக் கணக்கும் ஒரே பேப்பரோடு நிற்கக் கூடாது. நான்கு செமஸ்டரிலும் வர வேண்டும். செய்முறைத் தேர்வும் வேண்டும்.

2. ஒரு செமஸ்டர் முழுக்கக் களப்பணி. ஏ.சி. அறையில் மட்டும் இல்லை. ஷிஃப்ட் மாறும்போது ஆலை வாசலிலும், இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும், தொழிலாளர் அலுவலகச் சமரசப் பேச்சிலும், சங்க அலுவலகத்திலும்.

3. தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் ஒரு சட்ட உரிமையை விளக்கிச் சொல்லத் தெரியாதவருக்குப் பட்டம் தரக் கூடாது. வடமாநிலத் தொழிலாளி என்றால் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசவும் பழக வேண்டும்.

பெற்றோர்களே, பணம் கட்டுமுன் கல்லூரியில் பிளேஸ்மென்ட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். களப்பணி எத்தனை நாள், பாடம் எடுப்பவர் ஆலைக்குள் போயிருக்கிறாரா, புதிய சட்டத் தொகுப்பு பாடத்தில் வந்துவிட்டதா என்று கேளுங்கள். எம்.எஸ்.டபிள்யூ., அரசின் தொழிலாளர் துறை சென்னையில் நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையத்தின் படிப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் மாணவி இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். வேலை பார்த்துக்கொண்டே தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமோ படிக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதினேன். "இப்ப யாராவது கணக்குக் கேட்டா, உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுறேன் சார்" என்கிறாள். இதை அவள் இரண்டு வருடம் பணம் கட்டிப் படித்த இடத்திலேயே கற்றிருக்க வேண்டும். கற்றிருந்தால் ஒரு மனிதர் வீட்டுக்கு 84,500 ரூபாய் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

எம்.பி.ஏ. பேராசிரிய நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.