சோற்றின் மேல் போடும் பழி

பழுகாமத்தில் யாருக்காவது சீனி வருத்தம் என்று தெரிந்தால் போதும், அக்கம்பக்கம் சொல்லும் முதல் புத்தி: “சோத்த விடு, குரக்கனுக்கு மாறு.” நெல் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த எங்கள் படுவான்கரைப் பகுதி இன்று அதே நெல்லை நஞ்சு என்கிறது. இது பிழையான நம்பிக்கை, சிலருக்கு ஆபத்தும்கூட.

100 கிராம் அரிசியில் மாச்சத்து ஏறத்தாழ 78 கிராம். குரக்கனில் 72. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து என்று நம்பிக் குரக்கன் புட்டைக் குவித்து, தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து தின்றால் இரத்தத்தில் சீனி ஏறாமல் என்ன செய்யும்?

சோற்றை விட்டவர் பிளேன்ரீயை விடுவதில்லை. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் குறைந்தது 40 கிராம். 2015இல் உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொன்ன உச்ச வரம்பே சுமார் 50 கிராம். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்றது. இதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இன்சுலின் போடுபவரும் சீனியை இறக்கும் சில குளிசைகளை எடுப்பவரும் வைத்தியரைக் கேளாமல் சட்டென்று சோற்றை நிறுத்தினால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நடுவயலில் மயங்கியும் விழலாம்.

பகல் தட்டைப் பாருங்கள். கோபுரமாகச் சோறு, ஓரத்தில் விரலளவு கறி, ஒரு துண்டு மீன். குற்றம் அந்தக் கோபுரத்தில். பாதித் தட்டுக்குப் பொன்னாங்காணிச் சுண்டலும் கத்தரிக்காயும் வெள்ளரியும் வரட்டும். கால் பங்குக்கு வாவி மீன், மீதிக்குத் தீட்டாத அரிசிச் சோறு. இப்படி ஆயுள் முழுக்கச் சாப்பிடலாம். சோற்றை அடியோடு விட்டவர்களோ புது நெல் வீட்டுக்கு வந்ததும் பழைய கோபுரத்துக்கே திரும்புகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நம் வீடுகளில் சமைத்தவள்தான் கடைசியாகச் சாப்பிடுகிறாள். மீன் தீர்ந்த சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் ஊற்றி. அவளுக்கும் சீனி வருகிறது. அவளிடம் போய்ச் சோற்றை விடு என்றால் வேறு எதைத் தின்பாள்? ஒரு துண்டு மீனும் ஒரு பிடி கீரையும் முதலில் அவள் தட்டில் வையுங்கள். அரிசியைப் பற்றிப் பிறகு பேசலாம்.