முகத்தைக் கேட்கும் வாசல்

செகந்திராபாத்வாசிகளுக்கு விமான நிலையம் ஒரு காலத்தில் பக்கத்துத் தெரு. பத்மாராவ் நகரிலோ திருமலகிரியிலோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஆட்டோ பிடித்தால் பேகம்பேட்டில் சென்னை விமானத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். 2008 மார்ச்சில் பேகம்பேட் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டு, ஊருக்கு வெளியே ஷம்ஷாபாத்தில் ராஜீவ் காந்தி சர்வதேச விமான நிலையம் திறந்தது. அதன் பிறகு விமானத்தில் இருக்கும் நேரத்தைவிட புஷ்பக் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

தூரம் மட்டும் மாறவில்லை. பேகம்பேட் வாசலில் நின்ற காவலர் பயணியிடம் டிக்கெட்டைக் கேட்டார். ஷம்ஷாபாத் வாசலில் இருக்கும் கேமரா முகத்தைக் கேட்கிறது.

டிஜி யாத்ரா என்பது இந்தத் திட்டத்தின் பெயர். கைபேசியில் ஒரு செயலி. அதில் ஆதார் விவரம், ஒரு செல்ஃபி, விமானச் சீட்டு. வாசலில் கேமராவைப் பார்த்தால் கதவு திறக்கும். அடையாள அட்டையைத் தேடிப் பையைக் கிளற வேண்டாம். இதன் முன்னோடிச் சோதனை 2019 ஜூலையில் ஷம்ஷாபாத்தில்தான் நடந்தது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூர், வாரணாசியில் திட்டம் முறையாகத் தொடங்கியது. சில மாதங்களில் ஹைதராபாத்துக்கும் வந்தது. சௌகரியம் என்னவோ உண்மைதான். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பெட்டியுமாக வரும் தாய்க்கு அரை நிமிட மிச்சமும் பெரிய விஷயம்.

ஆனால் இதைப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கும்போதுதான் நெருடுகிறது.

விமான நிலையச் சோதனை கேட்கும் கேள்வி அடிப்படையில் ஒன்றுதான்: உன்னிடம் என்ன இருக்கிறது? கத்தியா, வெடிமருந்தா, துப்பாக்கியா? அந்தக் கேள்விக்குப் பயணியின் பெயர்கூடத் தேவையில்லை. உலோகம் கண்டறியும் கருவிக்கு முதலியாரும் முகமதுவும் ஒன்றுதான். கேமரா கேட்கும் கேள்வியோ வேறு: நீ யார்? முதல் கேள்வி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் எங்கோ பதிவாகிறது.

சோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழர்கள் நிச்சயம் சொல்ல மாட்டார்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு சுமார் 30 உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பலர் கொழும்புக்குப் போகக் காத்திருந்தவர்கள். பெட்டியை ஒப்படைத்த ஆசாமி விமானத்தில் ஏறவில்லை. குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் பெட்டியை உரிய நேரத்தில் அப்புறப்படுத்த முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அட்லாண்டிக் கடல்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்ததிலும் அதே கதை: பெட்டி ஏறியது, பெட்டிக்குரியவர் ஏறவில்லை. ஆளில்லாத பெட்டி விமானத்தில் போகக் கூடாது என்ற எளிய விதியை உலகம் இவ்வளவு விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐ.சி. 814 விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் விளைவாக விமான நிலையக் காவல் மாநிலப் போலீஸிடமிருந்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் கைக்கு மாறியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து ஒவ்வொரு நிலையமாக. அந்தப் படையினர் வந்த பிறகு சோதனையில் ஒழுங்கு வந்தது என்பதை மறுக்க முடியாது.

ஒழுங்கு வந்த இடத்தில் சங்கடமும் சேர்ந்து வந்தது. நம் நாட்டில் கருவி கூவினாலும் கூவாவிட்டாலும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்க்கிறார்கள். சின்னப் பலகைமேல் ஏறிக் கையை விரித்து நிற்க வேண்டும். பெண்களுக்குத் திரை மறைப்பு, பெண் காவலர். தாலிக்கொடியில் கோத்த ஊக்கு, புடவை மடிப்பில் குத்திய பின், கண்ணாடி வளையலோடு சேர்த்துப் போட்ட இரும்புக் காப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கருவி ஒரு குரல் கொடுக்கும். பெண்கள் வரிசை எப்போதும் நீளமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

ஊக்கோடு போனால் பரவாயில்லை. நடிகையும் நாட்டியக் கலைஞருமான சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பின் வலது காலை இழந்தவர். ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மீண்டும் மேடையேறினார். அவர் கதையை வைத்து சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்த ‘மயூரி’ தெலுங்குப் படத்தில் அவரே நாயகியாக நடித்தார். அப்படிப்பட்டவர் 2021 அக்டோபரில் ஒரு வீடியோவில் பிரதமரிடம் முறையிட்டார். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள், தன் போன்றவர்களுக்கு ஓர் அட்டையாவது கொடுங்கள் என்பது அவர் வேண்டுகோள். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளின் செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லக் கூடாது, மனித கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்றது. நாடறிந்த ஒரு கலைஞர் கேமரா முன் கண்கலங்கிய பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. பெயர் தெரியாத எத்தனை பேர் வாய் திறக்காமல் கழற்றி மாட்டியிருப்பார்கள்!

இதே நாட்டில் சோதனையே இல்லாமல் உள்ளே போகிறவர்களின் பட்டியல் ஒன்றும் விமான நிலையங்களில் பலகையாகத் தொங்கியது. குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர்கள், முதல்வர்கள் என்று பதவிகள் வரிசையாகப் போகும். அதில் பதவி ஏதும் இல்லாமல் சொந்தப் பெயரிலேயே இடம் பிடித்திருந்தவர் ராபர்ட் வதேரா. 2015இல்தான் அந்தப் பெயரை நீக்கினார்கள். பட்டியலில் இருந்தும் சோதிக்கப்பட்டவர் அப்துல் கலாம். 2009 ஏப்ரலில் டெல்லியில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் அவரைத் தடவிப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். அவர் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து விஷயம் வெளியே வந்தபோது கொந்தளித்தது நாடாளுமன்றம்தான். 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் இந்தியத் தூதர் மீரா சங்கரைத் தனியே அழைத்துச் சோதித்தபோதும் அதே கொந்தளிப்பு. அவர் புடவை கட்டியிருந்ததுதான் காரணம் என்று செய்திகள் கூறின. தூதருக்கு நேர்ந்தால் நாட்டுக்கே அவமானம். சாதாரணப் பயணிக்கு நேர்ந்தால் அது நடைமுறை.

உடலைத் தொடாமல் சோதிக்க இயந்திரம் வந்தபோது வேறு பிரச்சினை முளைத்தது. அமெரிக்காவில் வைத்த ஒரு வகை ஸ்கேனர்கள் ஆடைக்குள் இருக்கும் உடலையே படமாகக் காட்டின. எதிர்ப்பு வலுத்தது. உருவத்தை வெறும் பொம்மைக் கோடாக மாற்றும் மென்பொருளைத் தயாரிப்பாளரால் தர முடியவில்லை. 2013இல் அந்த வகை இயந்திரங்கள் அங்கே விமான நிலையங்களிலிருந்து மூட்டை கட்டப்பட்டன. இப்போதுள்ளவை பொம்மை உருவத்தில் சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டும் கட்டம் போட்டுக் காட்டுகின்றன. மக்கள் எதிர்த்ததால் பாதுகாப்பு குறையவில்லை, இயந்திரம்தான் திருந்தியது. இந்தியாவில் கைப்பையில் அட்டை கட்டி முத்திரை குத்தும் சடங்கும் இப்படித்தான். அது இல்லாமல் விமானம் பறக்காது என்பது போல ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் ஹைதராபாத் உள்பட ஏழு நிலையங்களில் அதைக் கைவிட்டார்கள். விமானங்கள் வழக்கம்போல் பறந்தன.

முகத்துக்கு வருவோம். பயணியின் தகவல் அவரது கைபேசியிலேயே இருக்கும், பயணத்தின்போது மட்டும் நிலையத்துக்குப் போகும், விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும் என்பது டிஜி யாத்ராவின் வாக்குறுதி. நல்ல வாக்குறுதிதான். ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு வாரியம் 2024 மே மாதம் சொன்ன கருத்தும் ஏறக்குறைய இதுதான்: முகப்பதிவோ அதைத் திறக்கும் சாவியோ பயணியின் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

சிக்கல் சின்ன எழுத்துகளில் இருக்கிறது. விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2018இல் வெளியிட்ட கொள்கை ஆவணம், பாதுகாப்புத் தேவையைப் பொறுத்து அழிக்கும் கால அளவை மாற்றிக்கொள்ள வசதி இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பு அமைப்புகளுக்கும் பிற அரசு அமைப்புகளுக்கும் பயணிகளின் தகவலைத் தரலாம் என்றும் இடம் வைத்திருக்கிறது. எப்போது, யார் அனுமதியுடன், எந்த நீதிபதியின் உத்தரவின் பேரில்? ஆவணத்தில் தெளிவு இல்லை. முன் வாசலில் பூட்டு, கொல்லைப்புறத்தில் வெறும் தாழ்ப்பாள்.

நடத்துவது யார் என்பதிலும் குழப்பம் உண்டு. 2019இல் அமைக்கப்பட்ட டிஜி யாத்ரா அறக்கட்டளை லாப நோக்கில்லாத ஒரு கம்பெனி. அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு. மீதி ஹைதராபாத் உள்ளிட்ட ஐந்து விமான நிலைய நிறுவனங்களிடம். அரசுத் திட்டம், அரசின் ஆதார், அரசுப் படை காவல். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டால் அறக்கட்டளை அச்சட்டத்தின் கீழ் வராது என்று பதில்! முதல் செயலியைச் செய்துகொடுத்தது ஹைதராபாத் நிறுவனம் ஒன்று. 2024இல் உறவு முறிந்தது. பயணிகளிடம் பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கச் சொன்னார்கள். உரிமை யாருக்கு என்ற சண்டை டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பழைய செயலியில் முகத்தைக் கொடுத்தவர்களுக்கு இந்தச் சண்டையைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் மட்டுமே கிடைத்தது.

ஷம்ஷாபாத்தில் கொடுக்கும் முகம் ஷம்ஷாபாத்தோடு நிற்குமா என்ற அச்சம் இந்த ஊர்க்காரர்களுக்குச் சற்று அதிகமாகவே வரும். தெலங்கானா போலீஸ் 2018 முதலே கைபேசியில் முகம் கண்டறியும் வசதி வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் பஞ்சாரா ஹில்ஸில் பிரம்மாண்டமான கட்டுப்பாட்டு மையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், ஊரடங்கு நேரத்தில், சமூக ஆர்வலர் எஸ்.கியூ. மசூதை நடுத்தெருவில் நிறுத்திய போலீஸார் முகக்கவசத்தை விலக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் செய்த குற்றம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. எந்தச் சட்டப்படி எடுத்தீர்கள் என்று கேட்டு அவர் உயர் நீதிமன்றம் போனார். 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் போனது. இயந்திரம் தப்பு செய்யாது என்று நம்புகிறவர்களுக்கு இதே மாநிலத்தின் இன்னொரு பாடம்: நேரில் விசாரிக்காமல் கணினிக் கணக்கை நம்பி ரத்து செய்த லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகளை வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. டெல்லியில் காணாமல் போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க வாங்கிய முகமறி மென்பொருள் 2 சதவீத அளவுக்கே சரியாக வேலை செய்ததாக 2018இல் போலீஸே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று நீதிபதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தலையீடு தேவையை மீறாத அளவில் இருக்க வேண்டும். டிஜி யாத்ரா தொடங்கியபோது இருந்தது கொள்கை ஆவணம்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அவற்றிலும் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். போதாக்குறைக்கு, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தில் மத்திய அரசு தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. சட்டம் பயணிக்குக் குடை கொடுத்திருக்கிறது, நடுவில் ஓட்டையோடு.

தடவிப் பார்ப்பதை எதிர்த்துப் பயணி முகம் சுளிக்கலாம், அதிகாரியைக் கூப்பிடலாம், சுதா சந்திரனைப் போல ஊரறியச் சொல்லலாம். நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். முகத்தைப் பதிவு செய்யும் இயந்திரம் வலிக்காமல், தொடாமல், புன்னகைக்க வைத்து வேலையை முடிக்கிறது. அது தப்பு செய்தால் எப்போது செய்தது என்றுகூடத் தெரியாது. அதனால்தான் விருப்பத்தின் பேரில் என்ற சொல்லுக்கு இங்கே எடை அதிகம். வாசலில் ஊழியர்கள் விளக்கமே சொல்லாமல் படம் எடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள் என்று பயணிகள் பல நிலையங்களில் புகார் செய்தார்கள். கட்டாயம் இல்லை என்று அமைச்சகம் திரும்பத் திரும்ப விளக்க வேண்டி வந்தது. ஆனால் கேமரா வாசல்களைப் பெருக்கி, அட்டை காட்டும் வாசலை ஒன்றாகக் குறைத்து, அங்கே ஒரே ஒரு காவலரை நிறுத்தினால் போதும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. விமானத்தைப் பிடிக்கும் அவசரமே பார்த்துக்கொள்ளும்.

அந்த இன்னொரு வாசல் மூடப்படவில்லை. செயலி இல்லாதவர்களும் இருந்தும் வேண்டாம் என்கிறவர்களும் டிக்கெட்டையும் ஓர் அடையாள அட்டையையும் காட்டி அதன் வழியே போகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. செகந்திராபாத்திலிருந்து ஒரு பஸ் முன்னதாகப் பிடித்தால் போதும்.