திருத்தக் கூடாத விதி

சென்ற மாதம் எங்கள் பள்ளி மாணவர் தமிழ் மன்றத்தில் ஒரு சிறு கலகம் நடந்தது. மன்றத்தின் காரியதரிசியை மாணவர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பழைய விதி. பரீட்சை நெருங்குகிறது, அத்தனை பேரையும் கூட்டுவது சிரமம் என்று சொல்லி, காரியக் கமிட்டியைச் சேர்ந்த ஒன்பது பேர் கூடி, இனிமேல் கமிட்டியே காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கும் என்று திருத்தி எழுதி விட்டார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "இந்த விதியை மாற்ற உங்களுக்கு அதிகாரம் கொடுத்த விதி எது?" என்று கேட்டான். ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பையன் கேட்டது லேசான கேள்வியன்று. இதே கேள்விக்காகக் கறுப்பு அங்கி அணிந்த பெரிய மனிதர்கள் சென்னையிலும் தில்லியிலும் நாட்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள்.

1972ஆம் வருஷம் அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைக் கேட்டார், தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார்; அம்மாதமே அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அந்தக் கட்சியின் சட்ட திட்டங்களில் 43ஆவது விதி விசேஷமானது. விதிகளை இயற்றவும் திருத்தவும் நீக்கவும் பொதுக்குழுவுக்குப் பூரண அதிகாரம் உண்டு. ஆனால் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் மாற்றக் கூடாது; அது கட்சியின் அடிப்படை அமைப்பு என்று எழுதி வைத்தார்கள். மேலிடத்தில் சிலர் கூடித் தம்மை வெளியேற்றிய மனத்தாங்கல்தான் இதற்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு. காரணம் எதுவாயினும், சந்தா கட்டும் சாமானியனுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பூட்டி வைத்தார்கள் என்பது உண்மை.

பூட்டு என்ன ஆயிற்று? 2016 டிசம்பரில் ஜெயலலிதா காலமானார். 2017 செப்டம்பர் 12ஆம் தேதி கூடிய பொதுக்குழு, அவரே என்றும் பொதுச் செயலாளர் என்று அறிவித்து, அப்பதவியை இனி எவருக்கும் இல்லாமற் செய்தது. ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு பதவிகள் புதிதாகப் பிறந்தன. மாப்பிள்ளையைப் பெண்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியை யாரும் தொடவில்லை. கல்யாணத்தையே நிறுத்தி விட்டார்கள்! 2021 டிசம்பரில் மறுபடி ஒரு திருத்தம்: அவ்விருவரையும் அடிப்படை உறுப்பினர்கள் ஒரே வாக்கால் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. தேர்தலும் அறிவித்தார்கள், போட்டியில்லாமல் முடிந்தது. 2022 ஜூலை 11இல் வானகரத்தில் கூடிய பொதுக்குழு இரட்டைத் தலைமையை நீக்கிப் பொதுச் செயலாளர் பதவியைத் திரும்பக் கொண்டு வந்தது. கூடவே, அப்பதவிக்கு நிற்பவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று ஒரு நிபந்தனை. 2023 மார்ச்சில் அந்தத் தேர்தலும் போட்டியின்றியே முடிந்தது. அடிப்படை உறுப்பினரின் வாக்குரிமை புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இவ்விரு தடவையும் வாக்குப் பெட்டி வரை போக அதற்கு அவசியம் நேரவில்லை.

நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம், பொதுக்குழுவைக் கூட்டியது செல்லும் என்றது. அங்கே நிறைவேறிய தீர்மானங்களின் தகுதியைத் தான் விசாரிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டது. சங்கத்தின் விதிகள் அங்கத்தினர் தமக்குள் செய்து கொண்ட உடன்படிக்கை. அதில் தேவைக்கு மேல் கை வைக்க நீதிபதிகளுக்கு மனம் வருவதில்லை. தேர்தல் கமிஷனாவது? கட்சிகள் பதிவு பெற விதிப் புத்தகத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 1989 முதல் சட்டம் இருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளும் கமிஷன், மீறியவரைப் பொதுவாகப் பதிவிலிருந்து நீக்க முடியாது என்று 2002இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

இது ஒரு கட்சியின் குறையென்று நேயர்கள் எண்ண வேண்டாம். காங்கிரஸ் மகாசபை 1920இல் நாகபுரியில் நாலணா சந்தா வைத்தது. 1924இல் பெல்காமில், காந்தியடிகளே தலைமை வகித்த சபையில், அங்கத்தினர் மாதம் 2,000 கெஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்று ஒரு சந்தும் விட்டார்கள். மறு வருஷமே, நூல் அல்லது நாலணா என்று தளர்த்த வேண்டியதாயிற்று. மகாத்மா எழுதிய விதிக்கே அந்தக் கதி. ஆனாலும் அங்கே தளர்த்தியதை ஒளிக்கவில்லை.

நம்முடைய ஊருக்கு வருவோம். கட்சி மாறுவோரைத் தண்டிக்க 1985இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்த்தார்கள். 2020இல் பாகூர் உறுப்பினர் ஒருவர் அதன்படி பதவியிழந்தார். அடுத்த வருஷம் ஜனவரி முதல் ஆளுங்கூட்டணியின் உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவியையே ராஜினாமாச் செய்தார்கள். 2021 பிப்ரவரி 22இல் மந்திரிசபை கவிழ்ந்தது. ராஜினாமாவுக்கு அட்டவணையில் தண்டனை இல்லை. மீன் தப்புவது எப்போதும் வலையின் கண்ணளவைப் பொறுத்தது!

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஜனங்களின் சம்மதமின்றிப் பிரதேசம் எதையும் கொடுக்கலாகாது என்பது 1946ஆம் வருஷத்துப் பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆவது ஷரத்து. 1948 ஜூனில் இரு அரசாங்கங்களும் அவ்வாறே ஜனங்களைக் கேட்பதாக ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949இல் கேட்டார்கள். புதுச்சேரியிலோ, 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடி வாக்களித்தவர்கள் ஜனப் பிரதிநிதிகளான 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. முடிவு ஊரின் விருப்பமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; அதை நான் கொண்டாடுகிறவன். ஆனால் கீழூர் நினைவுச் சின்னத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம், "அப்போது எங்கள் தாத்தாவைக் கேட்டார்களா, ஸார்?" என்று யாராவது கேட்பார்கள். "உன் தாத்தா தேர்ந்தெடுத்தவரைக் கேட்டார்கள்" என்பேன். சில பிள்ளைகளுக்கு அது போதும், சிலருக்குப் போதாது.

மன்றத்துக் கலகம் எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. கமிட்டியின் திருத்தத்தை மாணவர் அனைவர் முன்னும் வைப்பதென்று தீர்மானித்தோம். வெள்ளிக்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்ததும் கைகளை எண்ணினோம். பழைய விதியே நின்றது. அன்றைக்கே காரியதரிசி தேர்தலும் நடந்தது. கேள்வி கேட்ட பையனும் நின்றான். பதினோரு வாக்கு வாங்கித் தோற்றான். தோற்ற கையோடு என்னிடம் வந்து, எண்ணிய சீட்டுகளை இன்னொரு தரம் எண்ண விதியில் இடமிருக்கிறதா என்று கேட்டான். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம், இருந்தது. மறுபடி எண்ணினோம். பன்னிரண்டு.